வடசென்னையில் நடை பழகும் குழந்தையோடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தண்டையார்பேட்டையில் முதல் மாடியில், ஒரு ஹாலும் ஒரு கிச்சனும் உள்ள வீட்டில் நாங்கள் ஐந்து பேர் இருக்கிறோம். என் மகளுக்கு இப்போது 2 வயது 4 மாதம். தண்ணீர் பிடிக்கும் இடத்தில், தடுப்பூசி வரிசையில், மீன் கடையில் மற்ற அம்மாக்கள் என்னிடம் கேட்டதும் நான் அவர்களிடம் கேட்டதும்தான் இங்கே இருக்கிறது. 1 வயதிலிருந்து 3 வயது வரையுள்ள குழந்தைகளைப் பற்றியது. நான் டாக்டர் இல்லை. உடம்பு சம்பந்தப்பட்டவற்றை எங்களைப் பார்க்கும் டாக்டரிடமும் நர்ஸிடமும் கேட்டுத்தான் எழுதியிருக்கிறேன்.

வீடு ரொம்பச் சின்னது. குழந்தை ஓட ஆரம்பித்துவிட்டது. என்ன செய்வது?

முதலில் ஒரு நாள் நீங்களே தரையில் உட்கார்ந்து, குழந்தையின் உயரத்திலிருந்து வீட்டைப் பாருங்கள். நான் அப்படி உட்கார்ந்தபோதுதான் கட்டிலுக்கு அடியில் பழைய ஜூஸ் பாட்டிலில் ஊற்றி வைத்திருந்த பினாயில் கண்ணில் பட்டது. அன்றைக்கே அதைப் பரண்மேல் ஏற்றினேன். பினாயில், பாத்ரூம் ஆசிட், கொசு மருந்து எதையும் குடிக்கிற பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள். குழந்தை குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்கவும் கூடாது. பாட்டிலையும் கையில் எடுத்துக்கொண்டு நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கிச்சன் வாசலில் முட்டி உயரத்துக்கு ஒரு பலகை வைத்திருக்கிறோம். சோறு வடிக்கிற நேரத்தில் குழந்தை கிச்சனுக்குள் இருக்கவே கூடாது. கொதிக்கிற கஞ்சி ஒரு கரண்டி பட்டாலே போதும், பிஞ்சுத் தோல் வெந்துவிடும். தரையில் உட்கார்ந்து சாப்பிடும் வீடு என்றால், கொதிக்கும் குழம்புச் சட்டியை நடுவில் வைத்துவிட்டு அப்பளம் எடுக்க எழுந்து போகாதீர்கள். சுட்டுவிட்டால் குழாய்த் தண்ணீரை 20 நிமிஷம் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பேஸ்ட், மாவு, இங்க் எதுவும் தடவ வேண்டாம்.

எங்கள் பக்கத்து வீடுகளில் மாடிப்படி செங்குத்தாக இருக்கும், பாதி வீடுகளில் கைப்பிடி இருக்காது. ஒரு கதவுப் பலகையை நைலான் கயிற்றால் கட்டினாலும் போதும், கட்டிவிடுங்கள்.

பயம் போதும், கொடுக்க வேண்டியதும் ஒன்று இருக்கிறது. கிச்சன் அலமாரியின் கீழ்த்தட்டை என் மகளுக்கே கொடுத்துவிட்டேன். எவர்சில்வர் டப்பா நான்கு, மரக்கரண்டி, பழைய இட்லித் தட்டு. கடையில் வாங்கிய பொம்மை எதுவும் இத்தனை மாதம் தாக்குப்பிடித்ததில்லை.

தண்ணீர் பிடித்து வைக்கும் டிரம், பக்கெட் எல்லாம் ஆபத்தா?

ஆமாம். இந்தப் பக்கத்தில் படிக்க ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

நம்ம பக்கத்தில் தண்ணீர் பிடித்து வைக்காத வீடு கிடையாது. மெட்ரோ வாட்டர் வருகிற நேரத்துக்கு அடி பம்பில் அடித்து டிரம், அண்டா, குடம், பக்கெட் எல்லாவற்றையும் நிரப்பித்தான் ஆக வேண்டும். நடை பழகும் குழந்தைக்கு உடம்பின் அளவுக்குத் தலை கனம் அதிகம். பக்கெட்டுக்குள் எட்டிப் பார்த்தால் தலைகீழாகப் போய்விடும், நிமிர்ந்து எழத் தெரியாது. மூழ்குவதற்கு நாலு விரல் அளவு தண்ணீர் போதும். கத்தவும் முடியாது.

என் மகளுக்கு 1 வயது 2 மாதம் இருந்தபோது ஒரு காலையில் துணி அலசிவிட்டுப் பாதித் தண்ணீரோடு பக்கெட்டை வாசலில் விட்டுவிட்டு, கொடியில் துணி போடப் போனேன். நான்கு துணிதான் போட்டிருப்பேன். அவள் சத்தம் திடீரென்று நின்றது. திரும்பிப் பார்த்தால் பக்கெட் விளிம்பில் வயிறு அழுந்த, கால் இரண்டும் தரையை விட்டு எழும்பி, உள்ளே விழுந்த நீலக் கப்பை எடுக்கக் கை நீட்டிக்கொண்டிருக்கிறாள். முகத்துக்கும் தண்ணீருக்கும் ஒரு சாண் இருக்கும். தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அவள் கப் வேண்டும் என்று அழுதாள்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் வேலை முடிந்த பக்கெட் கவிழ்ந்துதான் இருக்கும். டிரம்முக்கு மூடி உண்டு, மூடிமேல் இரண்டு செங்கல் உண்டு. பாத்ரூம் தாழ்ப்பாளை வெளிப்பக்கம் மேலே வைத்தோம். பொதுக் குளியலறை என்றால் கூடக் குடியிருப்பவர்களிடம் வெட்கப்படாமல் சொல்லுங்கள். நான் கீழ்வீட்டு அக்காவிடம் சொன்ன மறுநாளே அவரும் மூடி வாங்கிவிட்டார்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. டெங்குவைப் பரப்பும் கொசு சாக்கடையில் முட்டையிடாது, இப்படிப் பிடித்து வைத்த நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். முட்டை பாத்திரத்தின் பக்கவாட்டில் ஒட்டிக்கொள்வதால் தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போகாது. வாரத்துக்கு ஒரு நாள் டிரம்மைக் காலி செய்து உட்புறம் தேய்த்துக் கழுவ வேண்டும். அந்தக் கொசு கடிப்பது பகலில். அதனால் மதியத் தூக்கத்துக்கும் கொசுவலை போடுங்கள்.

முன்பெல்லாம் நன்றாகச் சாப்பிட்டது. 1 வயது தாண்டியதும் சோற்றைக் கண்டாலே ஓடுகிறது. ஏதாவது நோயா?

பெரும்பாலும் நோய் இல்லை. முதல் வருஷத்தில் குழந்தையின் எடை மூன்று மடங்காகிறது. 3 கிலோவில் பிறந்தது 9 கிலோவுக்கு வந்து நிற்கும். இரண்டாவது வருஷம் முழுவதும் சேர்த்து இரண்டு, இரண்டரை கிலோதான் ஏறும். வளரும் வேகம் குறையும்போது பசியும் குறைகிறது. வயிறும் அதன் கை முஷ்டி அளவுதான். நாம் போடுவதோ பெரியவர்களின் கிண்ணத்தில்.

நான் முதலில் கேட்பது, ஒரு நாளைக்கு எவ்வளவு பால் கொடுக்கிறீர்கள் என்றுதான். இரண்டு சின்ன டம்ளர், அதாவது அரை லிட்டருக்குள் போதும். ‘சோறுதான் சாப்பிடவில்லை, பாலாவது குடிக்கட்டும்’ என்று பாட்டில் பாட்டிலாகக் கொடுத்தால் வயிறு பாலில் நிறைந்துவிடும், சோறு இறங்காது. பாலில் இரும்புச்சத்தும் ரொம்பக் குறைவு. குழந்தை வெளுத்துப் போய், மண்ணையும் சுவர்ச் சுண்ணாம்பையும் தின்ன ஆரம்பித்தால் ரத்தசோகை இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

சாப்பாட்டு நேரத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்னால் பிஸ்கெட், சிப்ஸ் பாக்கெட், பால் எதுவும் வேண்டாம். தட்டில் இரண்டு ஸ்பூன் மட்டும் போடுங்கள். பருப்புச் சாதம், நெய்விட்ட ரசச் சாதம், ராகிக் கூழ், மசித்த முட்டை, கீரை, நீங்கள் சாப்பிடுவதையே காரம் குறைத்து. கையால் அள்ளிச் சாப்பிட விடுங்கள். பாதி தரையில் போகும், போகட்டும். மடியில் இறுக்கிப் பிடித்து வாயைத் திறக்க வைப்பதை நான் ஒரு மாதம் செய்தேன். கிண்ணத்தை எடுத்தாலே அவள் வாயைப் பொத்திக்கொள்ளும் அளவுக்குப் போனது. நிறுத்திய பிறகு தானாகத் தட்டைத் தேடி வர மூன்று வாரம் ஆனது.

வேர்க்கடலை, முழுத் திராட்சை, முறுக்குத் துண்டு, பட்டாணி, பாப்கார்ன் இவையெல்லாம் மூச்சுக்குழாயில் அடைத்துக்கொள்ளும். கடலையைப் பொடித்துக் கொடுங்கள், திராட்சையை நீளவாக்கில் நாலாக வெட்டுங்கள். ஓடிக்கொண்டே சாப்பிட விடாதீர்கள்.

போன் காட்டினால்தான் வாயைத் திறக்கிறது.

இது எல்லா வீட்டிலும் உள்ள கதை. 2 வயது வரை திரையே வேண்டாம், 2 முதல் 5 வயது வரை கூட உட்கார்ந்து ஒரு நாளைக்கு 1 மணி நேரத்துக்குள் என்றுதான் குழந்தை டாக்டர்கள் சொல்கிறார்கள். போனைப் பார்த்துக்கொண்டு சாப்பிடும் குழந்தைக்கு வயிறு நிறைந்தது தெரியாது, என்ன சாப்பிட்டோம் என்பதும் தெரியாது. நாங்கள் ஒரே நாளில் நிறுத்தினோம். முதல் மூன்று நாள் அழுகை. அப்புறம் மொட்டை மாடிதான் கை கொடுத்தது. மாலை ஆறு மணிக்குக் கிண்ணத்தோடு மேலே போய்விடுவோம். காக்கா, பட்டம், பக்கத்து மாடிப் புறா, தூரத்தில் துறைமுகத்துக் கிரேன் விளக்கு. மழை நாளில் ஜன்னலோரம்.

மீன் எப்போது கொடுக்கலாம்? எந்த மீன்?

1 வயதுக் குழந்தைக்குத் தாராளமாகக் கொடுக்கலாம். காசிமேடு பக்கத்தில் இருந்துகொண்டு குழந்தைக்கு மீன் கொடுக்கப் பயப்படுவது எனக்கு வருத்தமாக இருக்கும். இவ்வளவு நல்ல சாப்பாடு வேறு எங்கே இவ்வளவு புதிதாகக் கிடைக்கும்?

எங்கள் மாமியார் முதலில் கொடுத்தது கிழங்கான். சதை பஞ்சு மாதிரி இருக்கும், செரிக்கும். மஞ்சளும் உப்பும் போட்டு இட்லிப் பானையில் ஆவியில் வேக வைத்து, நடு முள்ளை அப்படியே உருவிவிடுவார். அதற்குப் பிறகு அவர் செய்வதைத்தான் நான் இன்றுவரை அச்சு மாறாமல் செய்கிறேன். உதிர்த்த மீனை வெள்ளைத் தட்டில் போட மாட்டார், எவர்சில்வர் தட்டில் மெல்லியதாகப் பரப்பி, மூன்று விரலால் அழுத்தி அழுத்தித் தடவுவார். கண்ணுக்குத் தப்பிய முள் விரலுக்குத் தப்பாது. முழுவதையும் ஒருமுறை தடவி, சாதத்தோடு பிசையும்போது இன்னொரு முறை. பேச்சுக் கொடுத்தால் பதில் சொல்ல மாட்டார்.

வஞ்சிரம் துண்டில் முள் எடுப்பது சுலபம், விலைதான் இடிக்கும். சங்கராவும் நல்லது, ஓரத்து முள்ளைக் கவனிக்க வேண்டும். மத்தியில் முள் அதிகம், சின்னக் குழந்தைக்கு வேண்டாம். சுறா போன்ற பெரிய மீன்களில் பாதரசம் சேர்ந்திருக்கும் என்பதால் குழந்தைகளுக்குத் தவிர்க்கச் சொல்கிறார்கள். முதல் முறை கொடுக்கும்போது ஒரு ஸ்பூன் மட்டும் கொடுத்து, தடிப்பு, வாந்தி ஏதாவது வருகிறதா என்று பாருங்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. அந்த நாட்களில் ஐஸில் பல நாள் இருந்த மீனும் விற்பனைக்கு வரும். செவுள் சிவப்பாக, கண் பளிச்சென்று, அழுத்தினால் சதை எழும்பி வந்தால் வாங்குங்கள். இல்லாவிட்டால் அன்றைக்கு முட்டை போதும்.

தொண்டையில் முள் சிக்கினால் சோற்று உருண்டையை விழுங்க வைக்க வேண்டாம், விரலை விட்டு நோண்டவும் வேண்டாம். குழந்தை எச்சில் வடித்து அழுதுகொண்டிருந்தால் காது மூக்கு தொண்டை டாக்டர் இருக்கும் ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். நமக்கு ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரி பக்கம்.

தாத்தா டீயில் பொறை பிஸ்கெட் தொட்டுக் கொடுக்கிறார். பரவாயில்லையா?

பாசத்தில் செய்வதுதான், ஆனால் டீ வேண்டாம். சாப்பாட்டிலுள்ள இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்ள டீ விடாது. எங்கள் மாமனாரிடம் சண்டை போடாமல், அவருடைய டம்ளருக்குப் பக்கத்தில் ஒரு குட்டி டம்ளரில் பால் வைத்தேன். இப்போது இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து அவரவர் டம்ளரில் பொறை தொடுகிறார்கள்.

கடையில், ரோட்டில் கீழே விழுந்து புரண்டு அழுகிறது. எல்லாரும் பார்க்கிறார்கள்.

போன தீபாவளிக்கு முந்தின வாரம். வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு துணிக்கடைத் தெரு எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். காலுக்கும் காலுக்கும் நடுவில் இடம் இருக்காது. என் மகள் பலூன்காரரைப் பார்த்தாள், நான் அப்புறம் என்றேன். அவ்வளவுதான். புதுச் சட்டையோடு தரையில் படுத்துவிட்டாள். எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது, ஒரு அடி வைத்துவிடலாமா என்று கைகூட ஓங்கினேன். ஓரத்தில் பூக் கட்டிக்கொண்டிருந்த ஆயா தன் கூடையை ஒதுக்கி இடம் விட்டு, “அழட்டும் விடும்மா, இப்படி உக்காரு” என்றார். உட்கார்ந்தேன். ஒன்றும் பேசவில்லை. நாலைந்து நிமிஷத்தில் அவளே தவழ்ந்து வந்து மடியில் ஏறிக்கொண்டாள்.

இந்த வயதில் ஆசை பெரிதாக இருக்கும், சொல்ல வார்த்தை இருக்காது, ஆசையை அடக்கும் பக்குவம் மூளையில் இன்னும் வந்திருக்காது. அழுகை முற்றிய பிறகு எதைச் சொன்னாலும் காதில் ஏறாது. அடிபடாத இடத்துக்கு நகர்த்தி, பக்கத்தில் இருங்கள். அழுததற்காக பலூன் வாங்கிக் கொடுக்காதீர்கள், அழுததற்காக அடிக்கவும் அடிக்காதீர்கள். ‘போலீஸ் பிடிச்சிட்டுப் போயிடும்’, ‘உன்னை இங்கேயே விட்டுட்டுப் போறேன்’ என்று சொல்வது வேண்டாம். கூட்டத்தில் நிஜமாகவே தொலைந்துபோனால் அது போலீஸிடம்தானே போக வேண்டும்?

பசி, தூக்கம், வெயில் இந்த மூன்றில் ஒன்று இருந்தால் கடைக்குக் கூட்டிப் போகாமல் இருப்பதே பாதிப் பிரச்சினையைத் தீர்த்துவிடும்.

கடிக்கிறது, அடிக்கிறது.

கையைப் பிடித்து, கண்ணைப் பார்த்து, ‘கடிக்கக் கூடாது, வலிக்கும்’ என்று சின்னதாகச் சொல்லுங்கள். திருப்பிக் கடித்துக் காட்டாதீர்கள். நூறு தடவை சொல்ல வேண்டியிருக்கும்.

தெருவில் ஒரே சத்தம். எப்படித் தூங்க வைப்பது?

1 முதல் 2 வயதில் பகல் தூக்கமும் சேர்த்து 11 முதல் 14 மணி நேரம் தூங்க வேண்டும். ஆடி மாதம் வந்தால் தெருவுக்குத் தெரு அம்மனுக்குக் கூழ் ஊற்றுவார்கள், ஸ்பீக்கர் கட்டுவார்கள். சாவு மேளம் போகும், வெடி வெடிக்கும். இதையெல்லாம் நம்மால் நிறுத்த முடியாது. ஃபேன் சத்தம் தொடர்ந்து ஒரே மாதிரி ஓடினால் வெளிச் சத்தம் கொஞ்சம் அமுங்கும். ஸ்பீக்கர் வீட்டு ஜன்னலைப் பார்த்துக் கட்டியிருந்தால் கோயில் பையன்களிடம் போய்க் குழந்தை இருக்கிறது என்று சொன்னால் திருப்பி வைக்கிறார்கள். நான் இரண்டு வருஷமாகச் சொல்கிறேன், ஒரு தடவைகூட முகம் சுளித்ததில்லை.

மேளச் சத்தத்துக்குக் குழந்தை நடுங்கினால் ‘பயப்படாதே’ என்பதைவிட, தூக்கி வைத்துக்கொண்டு ‘மேளம், டும் டும், போயிடுச்சு பார்’ என்று சொல்லிக் காட்டுவது உதவுகிறது.

தினமும் ஒரே வரிசை இருக்கட்டும். எங்களுக்கு வெந்நீரில் உடம்பு துடைப்பது, பல் தேய்ப்பது, விளக்கை அணைப்பது, அவளுடைய ஆயா, அதாவது என் மாமியார், பாடுவது. தூளி நல்லதுதான், ஆனால் கட்டிய கொக்கியையும் புடவையையும் அடிக்கடி இழுத்துப் பாருங்கள். எழுந்து நிற்கத் தெரிந்த குழந்தையைத் தூளியில் தனியாக விட்டுவிட்டுப் போகக் கூடாது. நாங்கள் ஒன்றரை வயதில் பாய்க்கு மாற்றிவிட்டோம்.

2 வயதாகப் போகிறது, இன்னும் பேசவில்லை. வீட்டில் தமிழ், பாட்டி வீட்டில் தெலுங்கு, தெருவில் இந்தி, உருது. அதனாலா?

பல மொழி கேட்பதால் பேச்சு தாமதமாகாது. நம்ம பக்கத்தில் எத்தனையோ பேர் அப்படி வளர்ந்தவர்கள்தான். எல்லா மொழியிலும் சேர்த்து எத்தனை வார்த்தை சொல்கிறது என்று எண்ணுங்கள். ‘பாலு’ம், அதையே இந்தியில் சொல்லும் ‘தூத்’தும் இரண்டு வார்த்தை.

ஒன்றரை வயதில் சில வார்த்தைகளாவது வர வேண்டும். 2 வயதில் ‘பால் வேணும்’, ‘அப்பா வா’ என்று இரண்டைச் சேர்க்க வேண்டும். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை, விரலால் சுட்டிக் காட்டவில்லை, வந்த வார்த்தையும் நின்றுபோனது என்றால் ‘ஆம்பளப் பிள்ளை லேட்டாத்தான் பேசும்’ என்று யார் சொன்னாலும் காத்திருக்காதீர்கள். முதலில் காது கேட்கிறதா என்று பரிசோதிக்க வேண்டும். ஸ்டான்லியிலும் எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையிலும் பார்க்கலாம். சீக்கிரம் போனால் சீக்கிரம் பலன் கிடைக்கும்.

இந்த வயதில் என்ன தடுப்பூசி?

16 முதல் 24 மாதத்துக்குள் தட்டம்மை ரூபெல்லா (எம்.ஆர்.) இரண்டாவது ஊசி, முத்தடுப்பு ஊசியின் பூஸ்டர், போலியோ சொட்டு மருந்து பூஸ்டர். கூடவே வைட்டமின் ஏ திரவம். அதை 5 வயது வரை 6 மாதத்துக்கு ஒருமுறை கொடுப்பார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் புதன்கிழமை போனால் காசு கிடையாது. 9 மாத ஊசியோடு எல்லாம் முடிந்தது என்று நினைத்து நிறைய பேர் இதை விட்டுவிடுகிறார்கள். மாதம் தள்ளிப் போயிருந்தாலும் அட்டையை எடுத்துக்கொண்டு போங்கள். ஊசி போட்ட இடம் வீங்கி ஓரிரு நாள் காய்ச்சல் வரலாம்.

வயிற்றுப் பூச்சிக்கான மருந்தும் இருக்கிறது. 1 வயது முடிந்த குழந்தைக்கு வருஷத்துக்கு இரண்டு முறை கொடுப்பார்கள். 2 வயதுக்குள் அரை மாத்திரை, அதற்குமேல் ஒன்று. பொடித்துக் கொடுக்க வேண்டும்.

காய்ச்சல், வயிற்றுப்போக்கு வந்தால் எப்போது ஓட வேண்டும்?

காய்ச்சலுக்கு எடைக்கேற்ற பாராசிட்டமால் மட்டும். மெடிக்கலில் நீங்களாக வேறு மருந்து கேட்டு வாங்காதீர்கள். மழைக்காலத்தில் டெங்கு பயம் உண்டு. அதில் காய்ச்சல் விட்ட பிறகுதான் அதிகம் கவனிக்க வேண்டும். வயிற்று வலி, ஓயாத வாந்தி, கை கால் சில்லிடுதல், துவண்டு கிடத்தல், ரத்தக் கசிவு இதில் ஒன்று இருந்தாலும் ராத்திரி இரண்டு மணி என்று பார்க்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

வலிப்பு வந்தால் கையில் சாவி கொடுக்க வேண்டாம், வாயில் எதுவும் வைக்க வேண்டாம். ஒருக்களித்துப் படுக்க வைத்து நேரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிஷம் தாண்டினால் காத்திருக்கக் கூடாது. முதல் வலிப்பு என்றால் நின்றுவிட்டாலும் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

வயிற்றுப்போக்குக்கு ஓ.ஆர்.எஸ். பெரிய பாக்கெட்டை முழுதாக 1 லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் கலக்க வேண்டும். கால் பாக்கெட், அரை டம்ளர் என்று கண்ணளவில் கலப்பது தப்பு, உப்பு கூடிவிடும். ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுங்கள். துத்தநாக மாத்திரை 14 நாள், போக்கு நின்ற பிறகும். ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை, அழுதால் கண்ணீர் வரவில்லை, கண் உள்ளே போயிருக்கிறது என்றால் ஆஸ்பத்திரி.

இங்கே காற்று நன்றாக இல்லையே, குழந்தைக்கு என்ன செய்வது?

மணலி, எண்ணூர், கொடுங்கையூர் பக்கத்தில் இருக்கும் அம்மாக்கள் எல்லாரும் கேட்கும் கேள்வி. வீட்டை மாற்றுங்கள் என்று சொல்வது சுலபம், வேலையும் சொந்தபந்தமும் இங்கேதான். குப்பை எரியும் வாடையோ கேஸ் வாடையோ வரும்போது ஜன்னலைச் சாத்தி, நின்ற பிறகு திறந்துவிடுங்கள். வீட்டுக்குள் பீடி, சிகரெட் வேண்டவே வேண்டாம், கொசுவர்த்திச் சுருளும் வேண்டாம். 2 வயதுக்குள் முகக்கவசம் போடக் கூடாது. மூச்சு விடும்போது விலா எலும்புக்கு நடுவில் உள்வாங்கினால் உடனே டாக்டரிடம் போங்கள். போகி அன்று விடியற்காலை எல்லாப் பிள்ளைகளும் குட்டி மேளம் அடிப்பார்கள், நம் பிள்ளையும் அடிக்கட்டும், மொட்டை மாடியில் புகை குறைந்த பிறகு. குழந்தைகளின் நுரையீரலை வைத்துத்தான் இந்த ஊரின் காற்றைப் பற்றிப் பேச வேண்டும் என்று நான் நினைக்கிறேன். கவுன்சிலர் வந்தால் இதைத்தான் கேட்கிறேன்.

மை வைப்பது, உரை மருந்து, சுத்திப் போடுவது?

கன்னத்தில் பொட்டு வையுங்கள், கண்ணுக்குள் மை வேண்டாம், சில மையில் ஈயம் இருக்கும். உரை மருந்துக் கல் சுத்தமில்லாமல் போனால் அதுவே வயிற்றுப்போக்குக்குக் காரணமாகும், நாங்கள் நிறுத்திவிட்டோம். சுத்திப் போடுவதில் ஆயாவுக்கு ஒரு நிம்மதி. மிளகாயை எரிக்கும்போது குழந்தையை உள்ளே தூக்கிக்கொண்டு போய்விடுகிறேன்.

மாமியார் ஒன்று சொல்கிறார், டாக்டர் ஒன்று சொல்கிறார்.

நான் அத்தையைத் தடுப்பூசிக்குக் கூடவே கூட்டிப் போக ஆரம்பித்தேன். நர்ஸ் சொல்வதை அவர் காதாலேயே கேட்கட்டும் என்றுதான். இப்போது தெருவில் மற்றவர்களுக்கு ‘எம்.ஆர். ரெண்டாவது போட்டாச்சா’ என்று அவர்தான் கேட்கிறார்.

பைக்கில் முன்னால் நிற்க வைத்துப் போகலாமா?

கூடாது. 9 மாதம் முதல் 4 வயது வரையுள்ள குழந்தைக்கு ஹெல்மெட்டும், ஓட்டுபவரோடு சேர்த்துக் கட்டும் பெல்ட்டும் வேண்டும், வேகம் 40-ஐத் தாண்டக் கூடாது என்று 2023 பிப்ரவரி முதல் சட்டமே இருக்கிறது. கண்டெய்னர் லாரி ஓடும் நம் ரோடுகளில் இதைச் சட்டத்துக்காக மட்டும் செய்ய வேண்டாம். தூரம் என்றால் பஸ் நல்லது. சாதாரணக் கட்டண பஸ்ஸில் பெண்களுக்கும் டிக்கெட் இல்லை, 5 வயது வரை குழந்தைக்கும் இல்லை.

அதிகச் செலவில்லாமல் எங்கே கூட்டிப் போகலாம்?

மெட்ரோவில் தண்டையார்பேட்டையில் ஏறுங்கள். தரைக்கடியில் கிளம்பும் வண்டி கொஞ்ச தூரத்தில் மேலே ஏறி வெளிச்சத்துக்கு வரும். அந்த ஒரு நொடிக்காகவே என் மகள் ஜன்னலில் மூக்கை ஒட்டிக்கொண்டு காத்திருப்பாள். திருவொற்றியூர் தேரடியில் இறங்கினால் வடிவுடையம்மன் கோயில், பிராகாரத்தில் எவ்வளவு வேண்டுமானாலும் ஓடலாம். கூட்ட நாளில் குழந்தையின் கையில் பேனாவால் உங்கள் போன் நம்பரை எழுதிவிடுங்கள். பழைய வண்ணாரப்பேட்டையில் ராபின்சன் பூங்கா, பெரம்பூரில் முரசொலி மாறன் பூங்கா. ரயில் பைத்தியம் பிடித்த குழந்தை என்றால் ஐ.சி.எஃப். (ரயில் பெட்டித் தொழிற்சாலை) பக்கத்து ரயில் மியூசியத்துக்குக் கொஞ்சம் காசு செலவழித்துப் போகலாம், குட்டி ரயில் ஓடும். ராயபுரத்திலிருந்து கடல் பக்கம் பெரும்பாலும் கல் கொட்டியிருப்பதால் நடை பழகும் குழந்தைக்கு அது சரிவராது.

எங்களுக்குப் பிடித்த இடம் கொருக்குப்பேட்டை ரயில்வே கேட். என் அம்மா வீடு அங்கே. கேட் மூடினால் பெரியவர்கள் எல்லாரும் சலித்துக்கொள்வார்கள், அவள் மட்டும் கை தட்டுவாள். கூட்ஸ் வண்டி மெதுவாகப் போகும். நானும் அவளும் பெட்டியை எண்ணுவோம். அவளுக்கு ஒன்று, இரண்டு, அப்புறம் நேராக எட்டு.

பால்வாடியில் எப்போது சேர்ப்பது?

2 வயது முடிந்ததும் விடலாம். சாதம், முட்டை கொடுப்பார்கள், எடை பார்ப்பார்கள், பாட்டுச் சொல்லித் தருவார்கள். சேர்க்கும் முன் ஒரு நாள் போய் அங்கே தண்ணீர் எங்கே வைத்திருக்கிறார்கள், கழிப்பறை எப்படி இருக்கிறது, வாசல் கேட்டுக்குத் தாழ்ப்பாள் உண்டா என்று பாருங்கள். டயாபர் இல்லாமல் இருக்கப் பழக்க 2 முதல் 3 வயது சரியான நேரம். ஈரம் பட்டால் சொல்கிறது, இரண்டு மணி நேரம் நனைக்காமல் இருக்கிறது என்றால் ஆரம்பிக்கலாம், திட்டாமல். ராத்திரி நனைப்பது 5 வயது வரைகூட இருக்கலாம்.

முதல் வாரம் அழும். விட்டுவிட்டுச் சொல்லாமல் நழுவாதீர்கள், ‘சாப்பிட்டதும் வருவேன்’ என்று சொல்லிவிட்டுக் கிளம்புங்கள், சொன்ன நேரத்துக்குப் போய் நில்லுங்கள். என் மகள் ஒன்பது நாள் அழுதாள். பத்தாவது நாள் நான் போய் நின்றபோது முட்டை ஓட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, ‘ஆயாக்கு’ என்றாள். வீடு வரை அதை உடையாமல் கொண்டுவந்தோம்.